சேஃப்டி ஷூ, வேலை பேன்ட்: எந்த நாட்டுச் சரக்கு உழைக்கும்?

கேள்வி, 2025 மார்ச் 2

அண்ணா, ஓசூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்திருக்கிறேன். ஷூ, பேன்ட் எல்லாம் நாமே வாங்கிக்கொள்ள வேண்டுமாம். கடையில் 900 ரூபாய்க்கும் ஷூ இருக்கிறது, 2,000க்கும் இருக்கிறது. துபாயில் இருக்கும் மாமா, "8,000 குடு, ஜெர்மனி ஷூ வாங்கிட்டு வர்றேன், பத்து வருஷம் உழைக்கும்" என்கிறார். ரூம் பசங்க, சைனா மால் மட்டும் வாங்காதே என்கிறார்கள். எந்த நாட்டுச் சரக்கை வாங்குவது?

2025 மார்ச் 3

ஷூ கொடுக்க வேண்டியது கம்பெனிதான். கான்ட்ராக்டில் இருக்கும் பையனிடம் இதைச் சொன்னால் சிரிப்பான் என்பதும் தெரியும். விடு.

கோயம்புத்தூர் குறிச்சியில் சின்னதாக ஒரு இரும்பு ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். என்னையும் சேர்த்து ஏழு பேர். கேட், கிரில், கூரை தாங்கும் டிரஸ், மெஷின் ஸ்டாண்டு, எது வந்தாலும் செய்வோம். பத்தொன்பது வருடமாக ஷூவும் பேன்ட்டும் வாங்கி வாங்கிக் கிழித்திருக்கிறேன். என் தகுதி அவ்வளவுதான்.

ஜெர்மனி ஷூ கதை ஒன்று என்னிடமும் இருக்கிறது. 2014ல் என் மச்சான் துபாயிலிருந்து ஒரு ஜோடி கொண்டு வந்தான். பெட்டியில் ஜெர்மன் பெயர், உள்ளே சரசரவென்று காகிதம், புதுத் தோல் வாசனை. போட்டுப் பார்க்க ஷூவின் நாக்கை வெளியே இழுத்தேன். நாக்கின் அடியில் தைத்திருந்த விரலகலத் துணியில் "மேட் இன் இந்தியா". ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை இந்த வட்டாரத்தில்தான் எங்கேயோ தைத்திருப்பார்கள். கோயம்புத்தூரிலிருந்து ரயிலேறினால் ஐந்தாறு மணி நேரத்தில் ஆம்பூர். அந்த ஷூ கப்பலேறிக் கடல் தாண்டி, துபாய் கடையில் உட்கார்ந்து, மச்சான் பெட்டியில் ஏறி என் காலுக்கு வந்திருக்கிறது.

மச்சானிடம் சொல்லவில்லை. பாவம், ஆசையாக வாங்கி வந்தான். ஷூவும் நல்ல ஷூ.

அதே வட்டாரத்தில் உள்ளூர் விற்பனைக்கும் ஷூ தைக்கிறார்கள். தோல் எத்தனை மில்லிமீட்டர், என்ன சோல், என்ன நூல் என்று ஆர்டர் கொடுப்பவன் எழுதிக் கொடுப்பதைத்தான் தைப்பவன் தைக்கிறான். சைனாவிலும் இதே கதைதான். காசுக்கேற்ற தோசை.

மார்ச் 3, இரவு

காலையில் எழுதியதைப் படித்தால் நாட்டைப் பார்க்கவே வேண்டாம் என்று சொன்ன மாதிரி இருக்கிறது. அப்படி முடிக்கவில்லை. ஒரு விஷயம் விட்டுப்போச்சு. என் ஷூ நம்பர் ஒன்பது. மச்சான் கொண்டு வந்தது ஐரோப்பிய நம்பர் 44, எனக்குத் தொளதொள. துபாய்க்குத் திருப்பி அனுப்பவா முடியும்? இரட்டைச் சாக்ஸ் போட்டுத்தான் ஓட்டினேன். உன் மாமாவிடம் நம்பர் சொல்லும்போது கவனம்.

மார்ச் 6

ஷூவைக் கையில் எடுத்தால் நான் பார்ப்பது.

முதலில் ஐஎஸ்ஐ முத்திரை. சேஃப்டி ஷூவுக்கான தரம் ஐஎஸ் 15298. அதில் பாகம் உண்டு, கடைக்காரர் சொல்ல மாட்டார். இரண்டாம் பாகம் என்றால் விரல் பக்கத் தொப்பி 200 ஜூல் அடி தாங்க வேண்டும், அதாவது இருபது கிலோ இரும்பு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவது போல. மூன்றாம் பாகம் 100 ஜூல், பாதிதான். நான்காம் பாகத்தில் தொப்பியே கட்டாயமில்லை. மூன்றும் வெளியே பார்க்க ஒரே மாதிரி கறுப்பு ஷூ. முத்திரைக்கு மேலே தர எண், கீழே சிஎம்/எல் என்று ஆரம்பிக்கும் உரிம எண் இருக்கும். முத்திரை கொடுக்கும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்கு, எதற்குக் கொடுத்த உரிமம் என்று வந்துவிடும். கடையிலேயே நின்று போட்டுப் பார். கடைக்காரர் முகம் போகிற போக்கை வைத்தே பாதி தெரிந்துவிடும்.

வெளிநாட்டு ஷூவில் ஐஎஸ்ஓ 20345 என்று இருக்கும். தொப்பிக்கு அதிலும் அதே 200 ஜூல்தான். எஸ்1பி என்றால் ஆணி குத்தாத அடித்தகடு உண்டு. எஸ்3 என்றால் அதோடு தண்ணீரும் சீக்கிரம் உள்ளே இறங்காது. ஹெச்ஆர்ஓ என்று போட்டிருந்தால் சோல் 300 டிகிரி சூட்டை ஒரு நிமிடம் தாங்கும். வெட்டிய சூடு ஆறாத இரும்புத் துண்டு தரையில் கிடந்து அதை மிதித்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். பியூ, அதாவது பாலியூரித்தேன் சோல் அப்படியே இளகி ஒட்டிக்கொள்ளும். நைட்ரைல் ரப்பர் சோல் கனம், விலையும் கூட. எங்கள் பட்டறைக்கு அதுதான்.

மார்ச் 7

பியூ சோல் என்றதும் அட்டாலி (பரண்) ஞாபகம் வந்துவிட்டது.

ஒரு தடவை ஒரு கடையில் பழைய ஸ்டாக் என்று பாதி விலைக்குக் கொடுத்தார்கள். நல்ல ஷூ, பெட்டி கூடப் பிரிக்கவில்லை. ஆசைப்பட்டு நான்கு ஜோடி வாங்கி, இரண்டை உடனே கொடுத்துவிட்டு இரண்டை அட்டாலியில் ஏற்றினேன். மூன்று வருடம் கழித்து, லோடு இறக்குகிற அன்று ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பத்து மணிக்குப் பார்த்தால் நான் நடந்த வழியெல்லாம் கறுப்பாகப் பொடி. உடைத்த முறுக்கு மாதிரி சோல் துண்டு துண்டாக விழுந்துகொண்டிருக்கிறது. எலி வேலை என்று பையன்கள் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

எலி இல்லை, ஈரம். பியூ சோல் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி உள்ளுக்குள்ளேயே உடைந்துகொண்டே வரும். போட்டாலும் வரும், பெட்டியில் வைத்தாலும் வரும். வெக்கையும் புழுக்கமும் உள்ள ஊரில் இன்னும் சீக்கிரம். அதனால் ஷூவில் தயாரித்த மாதமும் வருடமும் பார். எந்த நாடு என்று பார்ப்பதற்கு முன்னால் அதைப் பார். "பத்து வருஷம் உழைக்கும்" என்று மாமா சொன்னது பியூ சோல் என்றால், அந்த வாக்கை ஜெர்மனியே வந்தாலும் காப்பாற்ற முடியாது.

மார்ச் 12

எந்த விலை ஷூ எத்தனை மாதம் உழைக்கும் என்று கணக்கு கேட்டாய். நோட்டைப் பார்த்து எழுதுகிறேன்.

950 ரூபாய் ஷூ நான்கு மாதம் வந்தது. மாதம் 237 ரூபாய். 1,850 ரூபாய் ஷூ பதினொரு மாதம், மாதம் 168. மச்சான் கொண்டு வந்தது 6,400, மூன்று வருடம் இரண்டு மாதம் போட்டேன். அதுவும் 168! சில்லறையை விட்டால் அப்படியே பொருந்துகிறது. மலிவு ஷூதான் விலை அதிகம். நடுத்தரமும் உசத்தியும் ஒன்று.

மார்ச் 13

மச்சான் காசு வாங்கவே இல்லை. அதனால் என் கணக்கில் அது மாதம் சைபர்.

மார்ச் 22

பேன்ட்.

எங்கள் தொழிலில் பேன்ட்டுக்கு ஒரே கேள்விதான்: பாலியஸ்டர் எவ்வளவு? பாலியஸ்டர் கலந்த டெர்ரி காட்டன் தேயாது, சுருங்காது, துவைத்தால் அரை மணியில் காயும். ஆனால் பாலியஸ்டர் 260 டிகிரி வாக்கில் உருகுகிறது. வெல்டிங் பொறி அதைவிடப் பல மடங்கு சூடு. காட்டனில் விழுந்தால் கருகி, கறுப்பு விளிம்போடு ஓட்டை விழும், தட்டிவிட்டுப் போகலாம். டெர்ரி காட்டனில் விழுந்தால் துணி இளகித் தோலோடு ஒட்டும். என் வலது தொடையில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. கல்யாணத்துக்கு முந்தின மாதம் வாங்கியது.

லேபிளில் நூறு சதவீதம் காட்டன் என்று போட்டிருந்தாலும் நான் நம்புவதில்லை. உள் மடிப்பிலிருந்து நான்கு இழை உருவி, தீக்குச்சியில் காட்டு. காட்டன் என்றால் காகிதம் எரிந்த வாசம், விரலில் தேய்த்தால் சாம்பல். பாலியஸ்டர் என்றால் பிளாஸ்டிக் வாடை, நுனியில் கறுப்பாகக் குண்டுமணி. கலப்படம் என்றால் இரண்டும் கலந்து வரும். தைத்த நூலையும் கொளுத்திப் பார். துணி காட்டனாக இருந்து நூல் பாலியஸ்டராக இருக்கும். பொறி பட்டால் துணி நிற்கும், தையல் விட்டுக்கொள்ளும். எங்கே விடும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பேன்ட்டின் அடிப்பக்கம் வெளியே மடித்துத் தைத்திருந்தால் வாங்காதே. அந்த மடிப்பு பொறி சேர்க்கும் உண்டியல்.

ஏப்ரல் 14

புத்தாண்டு, பட்டறை லீவு. காலையிலேயே கிளம்பி, ஏற்றுமதியில் ரிஜெக்ட் ஆன உடுப்பு விற்கும் திருப்பூர் காதர்பேட்டை போய்விட்டு வந்தேன். ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய வேலை பேன்ட், முழங்காலில் இரட்டைத் துணி, மூன்று வரித் தையல், ஸ்கேல் வைக்கத் தொடையோரம் தனிப் பை. 450 ரூபாய்! லேபிளைப் பாதியாக வெட்டிவிட்டிருந்தார்கள், பெயர் தெரியாமல் இருக்க. ஆறு எடுத்தேன். திருப்பூர்க்காரன் தைத்தால் தையல் தனிதான். நாம் கண்ட கண்ட நாட்டையெல்லாம் பேசிக்கொண்டு பக்கத்து ஊரை விட்டுவிட்டோம்.

ஏப்ரல் 15

நேற்று எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

திருப்பூரில் வேலை பார்க்கும் நண்பர் போன் போட்டுச் சிரிக்கிறார். "ஏனுங்ணா, திருப்பூர் பனியன் ஊருங்க. இது நெய்த துணி. எங்கெங்கேயோ தைச்சது காதர்பேட்டைக்கு விக்க வருது." சரிதானே. பனியன் துணிக்கும் பேன்ட் துணிக்கும் வித்தியாசம் தெரியாமலா இத்தனை வருடம் இருந்தேன்? லீவு நாள் உற்சாகம்.

அடுத்து அவர் கேட்டதுதான் இடி. "அதை ஏன் ரிஜெக்ட் பண்ணாங்கன்னு பார்த்தீங்களா?" பார்க்கவில்லை. இன்றைக்குப் பார்த்தேன். ஆறில் நான்கு பேன்ட்டுக்கு ஒரு கால் முறுக்கிக்கொள்கிறது. போட்டு நடந்தால் பக்கவாட்டுத் தையல் மெல்ல முன்னால் வந்து முழங்கால் மேல் நிற்கிறது. துணியைக் கோணலாக வெட்டியிருக்கிறார்கள். வேலைக்கு ஒன்றும் கெடவில்லை, ஆனால் இரட்டைத் துணி முழங்காலுக்கு வெளியே போய்விடுகிறது.

மே 6

ஹூஸ்டனில் இருக்கும் அக்கா மகன் அனுப்பிய பார்சல் வந்தது. மாமாவுக்கு அமெரிக்கப் பேன்ட். கார்ஹார்ட். 1889ல் டெட்ராய்ட்டில் ஆரம்பித்த கம்பெனி, ரயில்வே தொழிலாளிகளுக்குத் தைத்துப் பெயர் வாங்கியது. பழுப்பு நிற டக் துணி, அதாவது கனத்த முரட்டுக் காட்டன், நிறுத்தி வைத்தால் ஆள் இல்லாமலே நிற்கும் போல. லேபிளைத் திருப்பினேன். "மேட் இன் மெக்சிகோ".

அக்கா மகனுக்கு முகம் விழுந்துவிட்டது, வீடியோ காலில். அமெரிக்காவிலேயே தைத்ததும் அந்தக் கம்பெனியில் உண்டு, இது அதில்லை, அவ்வளவுதான். ஜீன்ஸை ரிவெட் அடித்து 1873ல் காப்புரிமை வாங்கிய லீவைஸே அமெரிக்காவில் சொந்தத் தையல் ஆலைகளை மூடி இருபது வருடம் ஆகிவிட்டது. அங்கேயே கிரீன்ஸ்போரோ ஊரில் நூறு வருடத்துக்கு மேல் டெனிம் நெய்த ஒயிட் ஓக் ஆலை 2017 கடைசியில் நின்றது. இன்னொன்று தெரியுமா? வெள்ளைக்காரன் "டங்கரி" என்று சொல்லும் வேலை உடுப்புக்கு அந்தப் பெயரே மும்பை டோங்கிரியில் விற்ற முரட்டுத் துணியால் வந்தது. யார் நாட்டுச் சரக்கு என்று யாரிடம் கேட்பது?

தையலைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. தொடை இடுக்கில் துணியை மடித்து மூன்று வரி ஓட்டியிருக்கிறான், இழுத்துப் பார்த்தேன், நூல் சிணுங்கவில்லை. ஆனால் 12 அவுன்ஸ் துணி, நம் கணக்கில் 400 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) மேல். நாங்கள் போடும் காக்கி ட்ரில் 250. டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் பனிக்கு நெய்ததை மே மாதம் தகரக் கூரைக்கு அடியில் போட்டுக்கொண்டு மதியம் வரைக்கும் நின்றேன். சாப்பாட்டுக்குப் போகும்போது கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு லுங்கிக்கு மாறினேன். டிசம்பரில் பார்க்கலாம்.

மே 20

பங்களாதேஷ் ஆயத்த ஆடைகள் இனித் தரைவழியாக வரக்கூடாது, கொல்கத்தா, மும்பை பக்கத்து நவசேவா துறைமுகம் வழியாகத்தான் என்று 17ம் தேதி உத்தரவு போட்டிருக்கிறார்கள். கடைக்காரர் அதற்குள்ளேயே பேன்ட்டுக்கு அறுபது ரூபாய் ஏற்றிவிட்டார். ஸ்டாக்கில் இருந்ததற்கும் சேர்த்து.

அந்தப் பேன்ட்டை நானும் இரண்டு வருடம் வாங்கியிருக்கிறேன், குறை இல்லை. அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அங்கே தையல் ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டிடம் இடிந்து விழுந்ததுதான் ஞாபகம் வரும். 2013 ஏப்ரல் 24. முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டு, கீழே இருந்த வங்கிக்காரர்கள் வரவில்லை. மேலே இருந்த தையல் ஆட்களை உள்ளே போகச் சொன்னார்கள். ஆயிரத்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். ஸ்ட்ரக்சர் வேலை செய்பவன் நான். பாரம் ஏற்றக்கூடாத இடத்தில் மேலும் மாடி எழுப்பி மெஷினும் ஜெனரேட்டரும் வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

இதைச் சொன்னதும் ஒருவர், "அதான் சார், நம்ம நாட்டுப் பொருளையே வாங்கணும்" என்றார். நம்ம நாட்டு ஷூத் தோல் எங்கே பதமாகிறது? பாலாற்றுக் கரையில். தோல் தொழிற்சாலைக் கழிவு ஆற்றையும் கிணற்றையும் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996ல். ஆம்பூர்ப் பக்கம் உறவு வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று. லேபிளில் நாட்டுப் பெயர் இருக்கும், ஆற்றுப் பெயர் இருக்காது.

எனக்கும் இதில் விடை இல்லை. ஷூ போடாமல் கிரைண்டர் பிடிக்க முடியாது.

ஜூலை 8

மார்ச் 12ல் போட்ட கணக்கு தப்பு. இரண்டு தப்பு.

ஒன்று, 2014 ரூபாயையும் இப்போதைய ரூபாயையும் ஒரே தராசில் வைத்துவிட்டேன். அன்றைய 6,400 இன்றைக்கு எவ்வளவோ.

இரண்டாவதுதான் வெட்கம். என் மனைவிதான் கண்டுபிடித்தாள், பில் போடுவது அவள். "உங்க ஷூ மூணு வருஷம் வராம என்ன பண்ணும்? பாதி நாள் டேபிளுக்கு அடியிலதானே கிடக்குது." உண்மை. 950 ரூபாய் ஷூ போட்டது கிரைண்டர் பிடிக்கும் தர்மபுரித் தம்பி. நாள் முழுக்க குத்தவைத்து வேலை, விரல் மடியும் இடத்தில்தான் ஷூ விடும். 1,850 போட்டது வெல்டிங் பார்க்கும் பீகார்த் தம்பி, நின்றபடி வேலை. நானோ கொட்டேஷன் எழுதுகிறவன். ஒருவருக்கு ஒரு ஷூ என்று கொடுத்துவிட்டு, ஷூவை அளந்ததாக நினைத்து வேலையை அளந்திருக்கிறேன்.

அதனால் தர்மபுரித் தம்பிக்கு 1,850 கொடுத்திருக்கிறேன். பார்ப்போம்.

ஆகஸ்ட் 19

ஓசூர்த் தம்பி எழுதியிருக்கிறான். 1,700க்கு வாங்கினானாம், ஐஎஸ்ஐ இரண்டாம் பாகம், நான் சொன்னபடி நைட்ரைல் சோல், நூறு சதவீதக் காட்டன் பேன்ட். ஒரே கஷ்டம், தரையெல்லாம் எண்ணெய், வழுக்குகிறது. "வெல்டிங், சூடு எதுவும் எங்க சைடு இல்லண்ணா. நான் பிரஸ் ஷாப், தகடு அழுத்துற இடம்."

ஐந்து மாதமாகப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். என்ன வேலை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சூடே இல்லாத இடத்தில் அவன் கனமான ஷூவும் காயாத பேன்ட்டும் போட்டுக்கொண்டு அலைகிறான், என் தொடையில் இருக்கும் தழும்புக்காக. தம்பி, டெர்ரி காட்டனே போட்டுக்கொள். ஷூ மாற்றும்போது வழுக்குக்கு எஸ்ஆர்சி அல்லது புதுத் தரத்தின் எஸ்ஆர் என்று குறி இருக்கிறதா, எண்ணெய்க்கு எஃப்ஓ இருக்கிறதா பார். அடியில் பள்ளம் ஆழமாக, ஓரம் வரை திறந்து இருக்கட்டும். அதுவரை பழைய ஹேக்ஸா பிளேடால் பள்ளத்தில் அடைந்த பிசுக்கைச் சுரண்டிவிடு.

மாமா ஷூ என்ன ஆச்சு என்று கேட்டால் பதில் இல்லை.

செப்டம்பர் 25

22ம் தேதியிலிருந்து 2,500 ரூபாய் வரை ஷூவுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். முன்பு ஆயிரத்தைத் தாண்டினால் 18. அப்போ 1,850 ரூபாய் ஷூ 1,650க்கு வர வேண்டும். கடைக்காரர் பழைய ஸ்டாக் தீரட்டும் என்கிறார். மே மாதம் பேன்ட்டுக்கு ஏற்றும்போது பழைய ஸ்டாக் ஞாபகம் வரவில்லை.

அக்டோபர் 11

காக்கி ட்ரில் துணி மீட்டர் கணக்கில் எடுத்து, குனியமுத்தூர் டெய்லரிடம் ஆறு பேருக்கும் தைக்கக் கொடுத்தேன். கார்ஹார்ட்டை மாதிரிக்குக் கொண்டு போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொடை இடுக்கை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "இந்த மடிப்புக்குத் தனி மெஷின் இருக்குங்க, நான் கையால மடிச்சு இரண்டு வரி ஓட்டித் தர்றேன்" என்றார். நூல் காட்டன் நூல்தான் என்று நானே வாங்கிக் கொடுத்தேன். துணி, கூலி எல்லாம் சேர்த்து ஒன்று 720.

துணியை ஒரு ராத்திரி ஊற வைத்துக் காயப்போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டேன்.

அக்டோபர் 26

மறந்ததன் பலன்: முதல் துவைப்பில் ஒன்றரை இஞ்ச் ஏறிவிட்டது. ஆறு பேரும் வெள்ளத்தில் இறங்கப் போகிற மாதிரி நிற்கிறார்கள். நல்லவேளை, டெய்லர் உள்ளே இரண்டு இஞ்ச் மடிப்பு விட்டிருந்தார், கேட்காமலே. நாளைக்குப் பிரித்து இறக்கித் தருகிறாராம்.

நவம்பர் 17

தர்மபுரித் தம்பியின் 1,850 ரூபாய் ஷூ நாலேகால் மாதத்தில் விரல் மடியும் இடத்தில் விரிந்துவிட்டது. 950 ரூபாய் ஷூவும் அதே இடத்தில்தான் விரிந்தது. ஆக அவனுக்கு மாதம் 435 ரூபாய். கோவில் வாசலில் செருப்புத் தைப்பவரிடம் கொண்டு போனான். உள்ளே தோல் ஒட்டுப் போட்டு எண்பது ரூபாய் வாங்கியிருக்கிறார், இன்னும் இரண்டு மாதம் வரும் என்றாராம். மார்ச் 12 கணக்கு, ஜூலை 8 கணக்கு இரண்டையும் அடித்துவிட்டேன். கிரைண்டருக்கு உட்காரப் பலகை ஒன்று செய்து போட்டிருக்கிறேன், நாலு இஞ்ச் உயரம். ஷூவைவிட அது மலிவு.

நவம்பர் 29

மற்ற ஐந்து பேருக்கும் புது ஷூ வந்துவிட்டது. உள்ளூர்ச் சரக்கு, நைட்ரைல் சோல், ஆகஸ்ட் 2025 என்று அடியில் அச்சு இருக்கிறது. எட்டாம் நம்பர் இரண்டு கேட்டிருந்தேன், இரண்டும் ஒன்பதாக வந்திருக்கிறது. கடை எட்டு மணிக்கு மூடுவான். வண்டியை எடுக்கிறேன்.